பொதிகை மலையில் ஒரு வயல்

நமது நண்பர் ஒருவர் சென்ற வருஷம் ஐரோப்பாவின் வடபகுதியில் உள்ள எஸ்தோனியா தேசத்துக்குப் போய்விட்டு வந்தார். அந்நாட்டின் மாட மாளிகைகளைப் பற்றியும் சங்கீத சபைகளைப் பற்றியும் ஏதாவது சொல்லுவார் என்று நாங்கள் காத்திருந்தோம். மனிதர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டுமே! இரண்டு மணி நேரம் சேற்றைப் பற்றியே பேசினார்.

அந்த நாட்டில் 'ஸூமா' என்று ஒரு பிரதேசம் இருக்கிறதாம். அப்பெயருக்கே 'சதுப்பு நாடு' என்றுதான் அர்த்தமாம். 1993-ஆம் ஆண்டில் அதைத் தேசியப் பூங்காவாக்கி, அங்குள்ள சேற்றை ஒருவரும் தொடக் கூடாது என்று சட்டம் செய்துவிட்டார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பாசி. பாசிக்கு அடியிலும் பாசி. குளிரும் நீரும் சேர்ந்து அந்தப் பாசியை மக்க விடுவதில்லை. ஆகவே அது வருஷத்துக்கு ஏதோ ஒரு மில்லிமீட்டர் கனம் என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து வருகிறது. தன் எடையைப் போல் இருபது மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக் கொள்ளும் சக்தி அந்தப் பாசிக்கு உண்டு. முதல் உலக யுத்தத்தின்போது பஞ்சு அகப்படாமல், காயம்பட்ட சிப்பாய்களுக்கு இந்தப் பாசியை வைத்துத்தான் கட்டுப் போட்டார்களாம். உலகத்தின் தரைப்பரப்பில் நூற்றுக்கு மூன்று பங்குதான் இத்தகைய நிலம். ஆனால் உலகத்துக் காடுகளிலுள்ள மரம் செடி கொடிகள் அனைத்தும் சேர்த்து வைத்திருப்பதைவிட அதிகமான கரியைத் தன் வயிற்றில் அடக்கி வைத்திருக்கிறது.

"இந்த மாதிரி ஒரு சதுப்பு நம் நாட்டில் எங்கே இருக்கிறது?" என்று பேச்சின் முடிவில் அவர் கேட்டார்.

எங்கள் கூட்டத்தில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்கள் பொதிகை மலையில் இல்லாதது ஏதாவது உண்டா?" என்றார். உலகத்தில் எந்தப் பொருளைப் பற்றிச் சொன்னாலும், அது தாமிரபரணிக் கரையில் இன்னும் உயர்ந்த ரகமாக உண்டு என்று சொல்லுகிறவர் அவர். எஸ்தோனியாச் சேற்றையுமா விடுவார்? நீலகிரி மலைப் பள்ளங்களில் பல்லாயிரம் ஆண்டுப் பழமையுள்ள அத்தகைய கரிய சேற்று மண் உண்டு என்று எங்களில் ஒருவர் நினைவூட்டியதை அவர் காதில் போட்டுக் கொள்ளவே இல்லை. எப்படியானால் என்ன? மாசி மாதத் தொடக்கத்தில் நாங்கள் நால்வரும் திருநெல்வேலியில் போய் இறங்கினோம்.

ஆற்றை ஒட்டி மேற்கே போகும் சாலையில் பிரயாணம் செய்வதைப் போன்ற இன்பம் தமிழ் நாட்டில் வெகு சிலவே. சேரன்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஊருக்கு மேல் ஊர். ஊர்களுக்கு இடையில் வாழையும் நெல்லும். இந்த ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றுள் கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணை ஒன்றே வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முன்பே நம்மவர்கள் கட்டியவை. ஏறக்குறைய 86,000 ஏக்கர் நிலம் இவற்றினால் பாசனம் பெறுகிறது. மேற்கே மலையில் உற்பத்தியாகிக் கிழக்கே புன்னைக்காயலில் கடலில் விழும் இந்த நதியின் மொத்த நீளமே 128 கிலோமீட்டர்தான். காவேரியோடு ஒப்பிட்டால் குழந்தை. ஆனால் இந்தக் குழந்தை மேற்குப் பருவ மழையிலும் பால் குடிக்கிறது. வாடை மழையிலும் குடிக்கிறது. அதனால்தான் நாட்டிலுள்ள மற்ற ஆறுகள் மணலாய்க் கிடக்கும் காலத்திலும் இதில் கொஞ்சமாவது தண்ணீர் ஓடிக் கொண்டிருக்கிறது.

சேரன்மாதேவியைக் கடக்கும்போது வ. வே. சு. ஐயரின் நினைவு வராமல் போகுமா? அவர் குருகுலம் நடத்திய ஊர் இது. அந்தக் குருகுலத்தைப் பற்றி எழுந்த சாப்பாட்டுப் பந்திச் சண்டை பெரிய கதை. அதை இங்கே விவரிக்கப் போவதில்லை. 1925-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஐயர் பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்தத்துக்குக் குழந்தைகளுடன் போயிருந்தார். அங்கே அருவியில் தவறி விழுந்த தம் புதல்வி சுபத்திரையைக் காப்பாற்றப் போய்த் தாமும் அதில் மறைந்தார். லண்டனிலும் பாரிஸிலும் பிரிட்டிஷ் போலீஸாரின் கையில் அகப்படாமல் தப்பி வந்த வீரரை இந்தத் தண்ணீர் கொண்டு போய்விட்டது. நாங்கள் பாபநாசத்தில் இறங்கி, அந்தத் திசையைப் பார்த்துச் சிறிது நேரம் பேசாமல் நின்றோம்.

பாபநாசத்தில் இன்னொரு காட்சியும் கண்டோம். கோயிலின் எதிரே படித்துறை. படித்துறையில் கூட்டங் கூட்டமாக மீன்கள். குழந்தைகள் பொரியை வீசுகிறார்கள். இவ்வளவும் அழகுதான். ஆனால் பாவத்தைத் தொலைக்க வருகிறவர்கள் பாவத்தோடு கட்டியிருந்த துணியையும் சேர்த்து ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்! வேஷ்டியும் புடவையும் பாறைகளில் சுற்றிக் கொண்டு கிடக்கின்றன. அவற்றை வண்டி வண்டியாக வாரி அப்புறப்படுத்துவதே சிலருக்கு வேலையாயிருக்கிறது. எந்த சாஸ்திரத்தில் இப்படிச் சொல்லியிருக்கிறது என்று எங்கள் திருநெல்வேலி நண்பரைக் கேட்டோம். தாமிரபரணியைப் பற்றி அவருக்குப் பதில் தெரியாமற்போன கேள்வி இது ஒன்றுதான்.

பாபநாசத்தில் வனத்துறையின் சோதனைச் சாவடியைக் கடந்தால் காடு தொடங்குகிறது. இதற்குக் களக்காடு - முண்டந்துறைப் புலிகள் காப்பகம் என்று பெயர். முண்டந்துறைக் காட்டை 1962-இலேயே புலிகளுக்கென்று ஒதுக்கினார்கள். தெற்கே களக்காட்டு மலையை 1976-இல் ஒரு குரங்குக்கென்று ஒதுக்கினார்கள். அந்தக் குரங்கைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம். இரண்டையும் சேர்த்து 1988-இல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ் நாட்டில் முதலாவது புலிகள் காப்பகம் இதுதான். மலைக்கு அப்பால் கேரளத்திலுள்ள காடுகளும் இதுவுமாகச் சேர்ந்து அகஸ்திய மலை உயிர்க்கோளக் காப்பகம் என்று வழங்குகிறது. 3,500 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2016-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனமும் இதைத் தன் உலக ஜாபிதாவில் சேர்த்துக் கொண்டது. இதில் 2,254 வகை உயர்தரத் தாவரங்கள் இருப்பதாகவும் அவற்றில் சுமார் 400 வகை இப்பிரதேசத்துக்கே உரியவை என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். ஏகப்பட்ட மருந்துச் செடிகள் அகஸ்தியர் மலையில் உண்டென்று பாட்டிமார் சொன்னபோது நாம் சிரித்தோம் அல்லவா? இப்போது விஞ்ஞானிகளும் அதையே சொல்கிறார்கள்.

முண்டந்துறையில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் காணிக்காரர். இந்த மலையின் பூர்வ குடிகள் இவர்கள். சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி முதலிய இடங்களில் குடியிருக்கிறார்கள். தேன், கிழங்கு, மிளகு ஆகியவற்றைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எந்தக் கலாசாலையிலும் போதிக்கப்படுவதில்லை. கேரளப் பக்கத்து மலையில் 1987-ஆம் ஆண்டில் நடந்த சம்பவம் ஒன்று பிரசித்தமானது. தாவர ஆராய்ச்சிக்குப் போன விஞ்ஞானிகள் மலை ஏற முடியாமல் களைத்துப் போனார்கள். வழிகாட்டிய காணிக்காரர்களோ ஏதோ ஒரு காயை மென்று கொண்டு ஆட்டுக்குட்டி போல் தாவிப் போனார்கள். என்ன காய் என்று கேட்டு, முதலில் சொல்ல மறுத்தவர்களை வற்புறுத்தித் தெரிந்து கொண்டார்கள். அதுதான் 'ஆரோக்கியப் பச்சை'. பிறகு அதிலிருந்து மருந்து செய்து விற்க ஒரு வைத்தியசாலைக்கு உரிமை கொடுத்தபோது, வந்த பணத்தில் பாதி காணிக்காரர்களுக்கு என்று ஏற்பாடு செய்யப்பட்டது. காட்டு ஜனங்களின் அறிவுக்கு விலை கொடுத்த முதல் சில ஏற்பாடுகளில் ஒன்று என்று இதை உலகமெங்கும் எடுத்துக்காட்டுகிறார்கள். எங்கள் வழிகாட்டியை இதைப் பற்றிக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "அது அந்தப் பக்கத்து ஆளுக ஐயா. எங்களுக்குச் சாலை போட்டுத் தந்தாப் போதும்" என்றார்.

காட்டுக்குள் சொரிமுத்து ஐயனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு இங்கே லட்சக் கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். குடும்பம் குடும்பமாக வந்து ஆற்றங்கரையில் குடிசை போட்டுப் பல நாள் தங்குவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அந்த நாளில் மண் சட்டியும் பனை ஓலையும் கொண்டு வந்தார்கள். விட்டுவிட்டுப் போனாலும் மண்ணோடு மண்ணாயிற்று. இப்போது கொண்டு வருவதெல்லாம் பிளாஸ்டிக். ஆகவே வனத்துறையார் நாட்களைக் குறைக்கிறார்கள், வண்டிகளைத் தடுக்கிறார்கள். பக்தர்கள் கோபித்துக் கொள்கிறார்கள். ஐயனார் காட்டின் காவல் தெய்வம். அவருடைய அபிப்பிராயம் எந்தப் பக்கம் இருக்கும் என்பதை ஊகிப்பது கஷ்டமல்ல என்று நமக்குத் தோன்றுகிறது.

மறுநாள் விடியற்காலையில் மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலை மலைக்குப் புறப்பட்டோம். காமராஜர் முதன் மந்திரியாக இருந்த காலத்தில் கட்டிய அணை அடிவாரத்தில் பளபளத்தது. மலைப் பாதை ஏற ஏற ஒரே மணி நேரத்தில் நாலு தேசங்களைத் தாண்டுவது போலிருந்தது. அடியில் முள்ளுக்காடு, அதற்கு மேல் இலை உதிர்க்கும் மரங்கள், மாசி மாதத்தில் பாதி மொட்டையாக நின்றன, அதற்கும் மேலே திடீரென்று இருட்டு. அதுதான் பசுமை மாறாக் காடு. வெயில் தரையில் விழுவது காசு காசாகத்தான் விழுகிறது. வெளியே வேஷ்டியால் முகத்தைத் துடைத்துக் கொண்டிருந்தவர்கள் உள்ளே போனதும் அதையே போர்த்திக் கொண்டோம்.

அட்டைகளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். "மழை இல்லாத மாசம், அட்டை அவ்வளவா இருக்காது அண்ணாச்சி" என்று வண்டி ஓட்டியவர் தைரியம் சொல்லியிருந்தார். 'அவ்வளவாக இல்லாத' அட்டைகளில் பதினேழை எங்கள் எஸ்தோனியா நண்பரின் கால்களிலிருந்து மட்டும் எடுத்தோம். மூக்குப் பொடியைத் தூவினால் சுருண்டு விழுந்துவிடுகிறது. பொடி போடும் வழக்கத்தை நாங்கள் பலமுறை கண்டித்திருந்த திருநெல்வேலி நண்பரிடம் அன்று முழுவதும் பொடி மட்டைக்காகக் கெஞ்ச வேண்டியதாயிற்று.

கக்காச்சிக்கு அருகில் காட்டுக்குள் நுழைந்தபோது தலைக்கு மேலே கிளைகள் அசைந்தன. வழிகாட்டி கையைக் காட்டி நிறுத்தினார். பார்த்தால், கரிய உடல். முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி. வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பது போல் ஒரு குஞ்சம். சோலை மந்தி! சிங்கவால் குரங்கு என்றும் சொல்லுவார்கள். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இது கிடையாது. மொத்தம் உள்ளவை சில ஆயிரமே. சாதாரணக் குரங்கைப் போல் ஊருக்குள் வந்து வடையைப் பறிக்கும் ஜாதியல்ல. மரத்தை விட்டுக் கீழே இறங்குவதே அபூர்வம். ஒரு மரத்தின் கிளையிலிருந்து மறு மரத்தின் கிளைக்குப் போகும் வானத்துச் சாலைதான் அதன் ராஜ்யம். அந்தச் சாலை ஓரிடத்தில் அறுந்தால் அங்கேயே அதன் ராஜ்யமும் முடிந்தது. 1970-களில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் இந்த மலையில் தங்கி இக்குரங்கைப் பற்றி ஆராய்ந்தார்கள். அதன் பிறகுதான் களக்காட்டு மலை சரணாலயமாயிற்று. கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கில் கட்ட இருந்த அணையை 1983-இல் கைவிடச் செய்ததிலும் இந்த மந்திக்குப் பங்கு உண்டு. மந்திரிகளால் சாதிக்க முடியாததை மந்தி சாதித்தது என்று எங்களில் ஒருவர் சொன்னார். சிலேடைக்காக அவரை மன்னித்தோம்.

அந்த மந்திகள் அப்போது தின்று கொண்டிருந்தது வெடிப்பலாப் பூவை. இந்த மரத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நாங்கு, வெடிப்பலா முதலிய சில மரங்கள்தாம் இந்தக் காட்டின் தூண்கள். வெடிப்பலா மாசி மாதத்தில் கிளையின் மேலேயே கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. காயோ முள்ளம்பன்றி போல் உடலெல்லாம் முள். காட்டில் வேறு பழம் அதிகம் இல்லாத சமயத்தில் இது பூப்பதனால் மந்தி, கருமந்தி, மலையணில், வௌவால் எல்லாம் இதனிடம் வருகின்றன. சதை பிடித்த பூவைத் தின்ன வருகிறவை மகரந்தத்தையும் சுமந்து கொண்டு போகின்றன. அதில் முக்கியமான வேலை இரவில் வரும் வௌவாலுடையது என்று இதே கக்காச்சிக் காட்டில் பல வருஷங்கள் மரத்தின் மேலேறி ஆராய்ந்த நம் நாட்டு விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள்.

திடீரென்று ரயில் எஞ்சின் மூச்சு விடுவது போல் 'புஸ், புஸ்' என்று ஆகாயத்தில் சத்தம். இருவாட்சிப் பறவை பறந்து போயிற்று. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக் கொண்டு முட்டையிடுகிறது. ஒரு சிறு துவாரம்தான் பாக்கி. அதன் வழியாக ஆண் பறவை மாதக் கணக்கில் பழம் கொண்டு வந்து ஊட்டுகிறது. இடையில் ஆண் பறவையை யாராவது சுட்டுவிட்டால் குடும்பமே போயிற்று. புலியைப் பார்த்தீர்களா என்று நேயர்கள் கேட்பார்கள். பார்க்கவில்லை. ஒரு மரத்தில் நகம் பதிந்த அடையாளத்தைப் பார்த்தோம். அதுவே போதுமென்று வண்டிக்குத் திரும்பினோம். யானைச் சாணம் புதிதாகவே கிடந்தது. கேரளத்துச் சின்னக்கானலில் அரிசிக் கடைகளை உடைத்துப் பேர் பெற்ற 'அரிக்கொம்பன்' என்ற யானையை 2023 ஜூனில் இந்த மலையின் முத்துக்குழிவயல் பக்கந்தான் கொண்டு வந்து விட்டார்கள்.

முத்துக்குழி'வயல்' என்ற பெயரைக் கேட்டதும் எஸ்தோனியா நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்த உயரத்தில் வயல் ஏது?" என்றார். வழிகாட்டி விளக்கினார். மலைப் பக்கத்தில் வயல் என்றால் நெல் வயல் அல்ல. மேடுகளுக்கு நடுவில் நீர் இறங்கித் தேங்கி, மரம் முளைக்காமல் புல் மட்டும் முளைக்கும் பள்ளம். "இங்கன கிட்டத்துலயும் சின்னதா ஒண்ணு உண்டும். யானை வந்து தண்ணி குடிக்கிற இடம். காலை வச்சா முழங்கால் உள்ள போவும், பார்த்து வரணும்" என்றார்.

போனோம். ஒரு கச்சேரி மண்டபம் அகலம் இருக்கும். சுற்றிலும் ஈத்தைப் புதர். நடுவே கோரையும் புல்லும். பார்வைக்குத் தரைதான், ஆனால் ஒருவர் மிதித்தால் நாலடிக்கு அப்பால் நிற்பவருடைய காலடியும் அசைந்தது. எஸ்தோனியா நண்பர் ஒரு கையளவு கறுப்பு மண்ணைப் பிழிந்தார். விரல்களுக்கு நடுவே தண்ணீர் சொட்டியது. "அதே! அதே!" என்று அவர் கத்தியதில் ஒரு மலையணில் பயந்து ஓடிற்று. அதேதான் என்று நாம் உறுதி கூறவில்லை. அவருடைய தேசத்தில் பாசி செய்கிற வேலையை இந்த மலையில் பெரும்பாலும் இலைச் சருகும் வேரும் மண்ணும் பாறை வெடிப்புமே செய்கின்றன. மரங்கள் மழையைக் கூப்பிடுகின்றன என்று சொல்லுவதைவிட, வந்த மழையைத் தரைக்குள் மெல்ல இறக்கிவிடுகின்றன என்று சொல்லுவது சரியாயிருக்கும். மாசியிலும் பங்குனியிலும் பாபநாசத்தில் ஓடுவது இப்படி இறங்கியது கசிந்து வரும் தண்ணீர்தான்.

பள்ளத்தின் ஓரத்தில், நீர் கசியும் பாறைமேல், அன்றைய யாத்திரையின் பலன் கிடைத்தது. தரையோடு தரையாகப் படிந்த சிவந்த சிறு செடி. அகலம் ஒரு ரூபாய்க் காசுதான். இலைகளில் மயிர் மயிராக நீட்டிக் கொண்டிருந்தன. ஒவ்வொரு மயிர் நுனியிலும் பனித்துளி போல் ஒரு பசைத்துளி. அதில் ஓர் எறும்பு ஒட்டிக் கொண்டு தவித்தது. இது பூச்சி தின்னும் செடி. மண்ணில் சத்துக் கிடையாத ஈர நிலத்தில் பிழைக்கிறதற்காக மாமிச போஜனத்தில் இறங்கிவிட்ட ஜாதி. எஸ்தோனியாச் சதுப்பில் நண்பர் படம் பிடித்து வந்திருந்ததும் இதே குலத்துச் செடி. நம் சித்த வைத்தியர்கள் அழுகண்ணி என்று சொல்லுவது இதைத்தான் என்பார்கள். நாலாயிரம் மைலுக்கு அப்பால் பனியில் நடுங்கும் தேசத்திலும், அகஸ்தியர் மலையிலும் ஒரே குடும்பத்துப் பெண்கள் கண்ணீரும் கையுமாக உட்கார்ந்து பூச்சி பிடிக்கிறார்கள்! திருநெல்வேலி நண்பரின் முகத்தில் தோன்றிய கர்வத்தை வர்ணிக்க இடம் போதாது.

மெய்யான மரச்சதுப்பைப் பார்க்க விரும்புகிறவர்கள் செங்கோட்டைக் கணவாயைத் தாண்டிக் குளத்துப்புழைக்கும் செந்துருணிக் காட்டுக்கும் போக வேண்டும். அங்கே காட்டு ஜாதிக்காய் மரங்கள் நீரில் நின்று கொண்டு, மூச்சு விடுவதற்காக வேர்களை முழங்கால் போல் மடக்கி மேலே தூக்கி வைத்திருக்கின்றன. பெரும்பகுதியை நெல் வயலாகவும் தோட்டமாகவும் மாற்றியது போக, துண்டு துண்டாகவே மிஞ்சியிருக்கிறது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

கக்காச்சியிலிருந்து நாலுமுக்குக்கும் ஊத்துக்கும் போகும் வழியெல்லாம் தேயிலை. பார்க்க வெகு அழகு. பச்சை ஜமக்காளம் விரித்தாற்போல. ஆனால் அந்த ஜமக்காளத்தின் அடியில் இருந்தது வெடிப்பலாவும் நாங்குமே. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன்தார் எட்டாயிரத்து முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட காட்டைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தார். பின்னர் ஜமீன் ஒழிந்தது, குத்தகை ஒழியவில்லை. 2028 வரை அது இருந்திருக்க வேண்டும். 2018-இல் அரசாங்கம் அந்த நிலத்தைக் காப்புக் காடாக அறிவித்தது. 2024-இல் கம்பெனி தோட்டத்தை மூடுவதாகச் சொல்லி, தொழிலாளிகளிடம் விருப்ப ஓய்வுப் பத்திரங்களில் கையெழுத்து வாங்கியது.

மூன்று நாலு தலைமுறையாக மலையிலேயே பிறந்து, தேயிலை பறித்து, மலையிலேயே மண்ணானவர்களின் சந்ததி அவர்கள். கீழே அவர்களுக்கு வீடில்லை. வேறு தொழிலும் பழக்கமில்லை. கூலி உயர்வு கேட்டு அவர்கள் திருநெல்வேலியில் ஊர்வலம் போன கதையையும் நாம் மறப்பதற்கில்லை. 1999-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி, போலீஸாரின் தடியடியில் சிதறி ஆற்றில் இறங்கியவர்களில் பதினேழு பேர் மாண்டார்கள். பெண்கள் இருந்தார்கள், ஒரு கைக்குழந்தையும் இருந்தது. எந்த மலையிலிருந்து இறங்கி வந்தார்களோ அந்த மலையின் தண்ணீரில் போனார்கள். தோட்டத்தை அரசாங்கமே ஏற்று நடத்த வேண்டுமென்று தொடுத்த வழக்கில், 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதற்கு இணங்கவில்லை. தொழிலாளிகளுக்கு மறுவாழ்வு உதவிகளைச் செய்து கொடுக்கும்படி சொல்லியது.

காடு மீண்டும் காடாக வேண்டும் என்பதில் எங்கள் நால்வருக்குள்ளும் அபிப்பிராய பேதம் இல்லை. மந்தியின் வானத்துச் சாலை இந்தத் தேயிலையில்தான் அறுந்து கிடக்கிறது. அது சேர்ந்தால் ஆற்றுக்கும் நல்லது. ஆனால் காட்டை வெட்டியது இந்தத் தொழிலாளிகள் ஆதாயத்துக்காகவா? லாபம் கண்டவர்கள் எங்கேயோ இருந்தார்கள். அட்டைக்கடி பட்டவர்கள் இங்கே இருந்தார்கள். கணக்குத் தீர்க்கும் நாளில் அட்டைக்கடி பட்டவரை மட்டும் வெறுங்கையோடு இறக்கிவிடுவது நியாயமாகாது. வீடும் நிலமும் கையில் கொடுத்துவிட்டு அப்புறம் மரக்கன்றை எடுக்கட்டும் என்று வண்டியில் இருந்தவாறே தீர்மானம் நிறைவேற்றினோம். வண்டி ஓட்டியவரும் அதை ஆமோதித்தார். அவருடைய அத்தை நாலுமுக்கில் தேயிலை பறித்தவராம்.

வழியில் சந்தித்த ஒரு மூதாட்டி எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்துத் தேநீர் கொடுத்தார். வரிசை வீட்டின் கடைசி அறை. பக்கத்து வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒன்றின் முற்றத்தில் மிளா மேய்ந்து போன குளம்படி தெரிந்தது. "மக கீழ வாடகைக்கு வீடு பிடிச்சிருக்கா. வா வாங்கா. வெக்கை எனக்கு ஆவாது தம்பி" என்றார். தேநீருக்குக் காசு கொடுக்கப் போனோம், கோபித்துக் கொண்டார்.

மலையில் மேகம் இறங்கத் தொடங்கிவிட்டது. ஊத்தும் நாலுமுக்கும் தமிழ் நாட்டிலேயே மிக அதிகமான மழை பெறும் இடங்களைச் சேர்ந்தவை. 2023 டிசம்பரில் கடற்கரையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்தப் பெருவெள்ள நாட்களில் இங்கேயும் வானம் பிளந்து ஊற்றியது. அவ்வளவையும் தாங்கிக் கொள்ள எந்தக் காட்டாலும் ஆகாது. திருநெல்வேலியிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் தெருவில் தண்ணீர் ஓடியதை அவ்வூரார் இன்னும் சொல்லிச் சொல்லி ஆற்றுவதில்லை.

இருட்டுவதற்குள் சாவடியைத் தாண்ட வேண்டும் என்பது விதி. மணிமுத்தாற்று அருவி அருகே வண்டியை நிறுத்தினார்கள். வழிகாட்டி அங்கேயே விடை பெற்றுக் கொண்டார். அவருக்கு இன்னும் ஏழெட்டு மைல் பிரயாணம் இருந்தது. எஸ்தோனியா நண்பர் தம் சட்டைப் பையிலிருந்து ஈரக் கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். அழுகண்ணிச் செடி! வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாம் என்று யாருக்கும் தெரியாமல் பிடுங்கி வந்திருக்கிறார். காப்புக் காட்டிலிருந்து ஓர் இலையைக்கூடக் கொண்டு வரக் கூடாது என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னோம். ஸூமாவில் இப்படிச் செய்திருப்பாரா என்றும் கேட்டோம். அவர் முகம் வாடிற்று. வழிகாட்டி ஒன்றும் பேசாமல் கையை நீட்டினார். பொட்டலத்தை வாங்கித் தம் தூக்குச் சட்டியில் பத்திரமாக வைத்துக் கொண்டு, "நாளைக்கு அங்கனதான் போறேன். இருந்த எடத்துலயே வச்சிருதேன் ஐயா" என்று சொல்லிவிட்டு மலைப் பாதையில் நடந்தார்.